என்சிலெக்ஸ் தேறியும் கடலூரிலேயே: காத்திருப்பதா, ஜெர்மனிக்கு மாறுவதா?

கெடிலக்கரை:
என் தங்கை பிஎஸ்சி நர்சிங் படித்துவிட்டுக் கடலூரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெற எழுத வேண்டிய என்சிலெக்ஸ் தேர்விலும் தேறிவிட்டாள். அமெரிக்க மருத்துவமனை ஒன்று, வேலைக்காக நிரந்தரமாகக் குடியேறும் விசாவுக்கு இபி-3 என்ற பிரிவில் அவளுக்காக மனுவும் போட்டுவிட்டது. "பதினெட்டு மாதம்" என்றார் முகவர். போய்ப் பார்த்தால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்து வருடத்துக்கு மேல் நீள்கிறது. வருடந்தோறும் தரும் இந்த விசாக்களில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாதாம். 140 கோடிப் பேருக்கும் 7, மாலத்தீவுக்கும் 7! வீட்டில் ஜெர்மனிக்கு மாறச் சொல்கிறார்கள். இவ்வளவு செலவழித்த பிறகு விடக்கூடாது என்பது என் கட்சி.

முத்தியால்பேட்டை அக்கா:
காத்திருப்பது இலவசம் என்று யார் சொன்னார்கள் தம்பி? ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருடத்தில் காலாவதியாகும், செவிலியரின் படிப்பையும் உரிமத்தையும் சரிபார்த்து அமெரிக்க விசாவுக்காகத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழ் ஐந்து வருடத்தில். வரிசை நகரும்போது மறுபடியும் எழுத வேண்டும். ஜெர்மனியில் இப்படி வரிசை இல்லை. பி2 என்ற நிலை வரை ஜெர்மன் மொழி தெரிந்தால் கதவு திறக்கும். நான் செவிலியர் பயிற்சி கொடுத்தவள், பார்த்துத்தான் சொல்கிறேன்.

பெண்ணாடத்தான்:
அக்கா, கதவு திறக்கும் என்பது சொல்லச் சுலபம். என் மனைவி இரவுப் பணி முடித்து வந்து ஜெர்மன் படித்தாள். அஞ்சறைப் பெட்டி முதல் அரிசி டப்பா வரை பெயர்ச்சீட்டு. உப்பு ஜாடியில் "தாஸ் சால்ஸ்". பி2-க்கு முந்தைய நிலையான பி1 எழுத்துத் தேர்வில் இரண்டு முறை தவறினாள். இப்போது மஞ்சள் கறை படிந்த அந்தச் சீட்டை என் அம்மா மட்டும்தான் வாசிக்கிறார். மொழி தேறினாலும், நம் படிப்பில் இன்னின்ன குறை என்று அங்கிருந்து கடிதம் வரும். அதைச் சரிக்கட்டும்வரை உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம்.

முத்தியால்பேட்டை அக்கா:
உங்கள் மனைவிக்கு வாய்க்கவில்லை என்பதால் எல்லோருக்கும் வாய்க்காதா?

பெண்ணாடத்தான்:
வாய்ப்பதைப் பற்றிப் பேசவில்லை அக்கா. இரவுப் பணியைப் பற்றிப் பேசுகிறேன்.

ஓய்வுபெற்ற குமாஸ்தா, புதுச்சேரி:
அமெரிக்க வரிசையில் கணக்கு பிறந்த நாட்டை வைத்துத்தான், குடியுரிமையை வைத்து அல்ல. கணவர் வேறு நாட்டில் பிறந்தவரானால் அவருடைய நாட்டுக் கணக்கில் சேரலாம். எங்கள் ஊரில் பிரான்சில் பிறந்த மாப்பிள்ளைகள் உண்டு. (கோபிக்க வேண்டாம்.) அந்த மாப்பிள்ளையோடு நேரே பிரான்சுக்கே போகலாமே என்பீர்கள். அங்கே நம் நர்சிங் பட்டம் செல்லாது. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டும்.

கெடிலக்கரை:
தங்கைக்கு வரன் பார்க்க இங்கே வரவில்லை ஐயா.

முத்தியால்பேட்டை அக்கா:
முகவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

கெடிலக்கரை:
நாலரை லட்சம்.

முத்தியால்பேட்டை அக்கா:
பதிவு பெற்ற முகவர் வாங்கலாம் என்று நம் அரசு வைத்திருப்பதே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ரசீது இருக்கிறதா?

கெடிலக்கரை:
இருக்கிறது. "பயிற்சிக் கட்டணம்" என்று போட்டிருக்கிறார்கள்.

பெண்ணாடத்தான்:
அதுதானே! இதில் மட்டும் அக்காவோடு ஒத்துப்போகிறேன். ஆனால் தம்பி, காத்திருப்பதா மாறுவதா என்ற கேள்வியே கோணல். மனு ஒப்புதல் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால், வரிசையில் இடத்தைத் தீர்மானிக்கும் மனு போட்ட தேதி உங்கள் தங்கைக்கு உரியது. நாளைக்கு வேறொரு மருத்துவமனை மனு போட்டாலும் பழைய தேதியையே கேட்கலாம். அவள் ஜெர்மனிக்குப் போனாலும் அந்த இடம் வரிசையில் நிற்கும்.

கெடிலக்கரை:
ஒப்புதல் வந்துவிட்டது என்று முகவர் வாயால்தான் சொன்னார். கடிதத்தை நாங்கள் பார்க்கவில்லை. கேட்டால் "அசல் பத்திரமாக இருக்கிறது" என்கிறார்.

முத்தியால்பேட்டை அக்கா:
அவரிடம் அசலைக் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். மனுவின் ரசீது எண்ணை மட்டும் வாங்குங்கள். அமெரிக்கக் குடிவரவுத் துறையின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிலை என்னவென்று நீங்களே பார்க்கலாம். எண்ணைக்கூடத் தர மறுத்தால், மருத்துவமனைக்குத் தங்கையே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பட்டும்.

கெடிலக்கரை:
திங்கட்கிழமை போகிறேன். தங்கையையும் கூட்டிக்கொண்டு.