தொண்டைமானாற்றில் வீடாக்கிய வான் வாகனத்தோடு மாதக்கணக்காக நிற்பவர்களுக்கு: அயலோடு பழகும் வழி, நாலு ஊர்க்காரர் சொல்வது

தொண்டைமானாற்றிலிருந்து:

டொல்பின் வானை வீடாக்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். 100 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, கூரையில் சோலர் பனல், 200 அம்பியர் மணி லிதியம் பற்றரி, 5 கிலோ காஸ் சிலிண்டர். ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் பத்து நாள் இருக்கலாம். இரண்டு இரவு நின்றுவிட்டுப் போகிறவருக்கு அது நல்ல ஏற்பாடு. ஏரிக்கரையில் மூன்று மாதம் இருக்க வருகிறவருக்கு அதுவே தடையாகிவிடும். ஒன்றும் தேவைப்படாத ஆளிடம் என்ன கதைப்பது என்று அயலுக்குத் தெரியாது. ஆகவே ஒரு தேவையை வேண்டுமென்றே மிச்சம் வையுங்கோ. அதற்குத் தண்ணீரை விட நல்லது வேறில்லை.

ஆறு என்று பெயர் இருந்தாலும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள தொண்டைமானாறு கடலோடு சேரும் நீரேரி. கடல்நீர் உள்ளே வராமலும் மாரி மழைநீர் வெளியே ஓடிவிடாமலும் காக்கத்தான் பாலத்தடியில் கதவுகள் போட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்தான். எந்தக் கிணறு நல்ல தண்ணி என்று ஊருக்குத் தெரியும். கடையில் ஒரு தேத்தண்ணி குடித்தபடி கேட்டால் மூன்று பேர் மூன்று வீட்டைச் சொல்வார்கள். அதுவே முதல் அறிமுகம்.

போகும்போது வானைக் கொண்டுபோய்க் குழாய் நீட்டாதீர்கள். 10 லீற்றர் கான் இரண்டோடு நடந்து போங்கள். 20 லீற்றர் கான் ஒன்று என்றால் பாரம் ஒரு பக்கம் இழுக்கும். படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டுவிட்டு, உள்ளேயிருந்து குரல் வரும்வரை நில்லுங்கள். விடியவும் பொழுதுபடவும் கிணற்றடியில் பெண்கள் குளிக்கும் நேரம். காலை ஒன்பதுக்குப் பிறகு, அல்லது பின்னேரம் நாலு மணியளவில் போவது நல்லது. மோட்டரைப் போட்டு விடுகிறோம் என்று சொன்னாலும் கானளவோடு நிறுத்துங்கள். ஆடி, ஆவணியில் கிணறு இறங்கிவிடும். நல்ல நீர் உவர் நீரின் மேல் மெல்லிய படையாக நிற்பதால் அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருப்பது மேலே ஏறும். வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் தந்தாலும் அடுத்த வாரம் அவர்களின் தேத்தண்ணி உவர்க்கும்.

சுண்ணக்கல்லில் ஊறிய நீர் கடினமானது. வானின் சிறிய பம்பிலும் வோட்டர் ஹீற்றரிலும் வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறை வினாகிரி கலந்த நீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். வெங்காயமும் புகையிலையும் செய்யும் தோட்டப் பக்கக் கிணறுகளில் உர நைத்திரேற்று இருக்கலாம். கொதிக்க வைத்தால் அது போகாது. கைக்குழந்தை இருந்தால் குடிதண்ணீரைப் புறம்பாக வாங்குங்கள்.

கெருடாவிலிலிருந்து:

தண்ணிக் கதை சரி. ஆனால் அதற்கு முந்தி இடம். காணிக்காரர் கனடாவில் இருந்து வட்ஸ்அப்பில் "நில்லுங்கோ" எண்டு சொன்னது காணாது. அந்த வளவைக் கூட்டி, தேங்காய் பொறுக்கி, வேலி பார்க்கிறது பக்கத்து வீட்டுக்காரர். அவரிட்டை நேரே போய்க் கேட்டால்தான் அனுமதி. பிறகு கிராம சேவகரிட்டைப் பெயர், அடையாள அட்டை இலக்கம், வான் இலக்கம், எவ்வளவு நாள் எண்டு ஒரு தாளில் எழுதிக் குடுங்கோ. இரவில வெளிச்சம் தெரிய ஆரோ கேட்டால் பதில் சொல்ல அயலுக்கும் அது உதவும்.

கரண்ட் எடுக்கிறதில கவனம். ஆரேனும் வீட்டில பிளக் தந்தால் அது வட்டப் பிளக்கோ சதுரப் பிளக்கோ எண்டு பாருங்கோ. வட்டம் 5 அம்பியர் எண்டால் 230 வோல்ற்றில 1150 வாற்தான். பற்றரி சார்ஜருக்குப் போதும், 1500 வாற் கேத்திலுக்குக் காணாது. சதுரம் 13 அம்பியர். அதிலயும் ஏசி வேண்டாம். வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், சுருளை முழுக்க விரிச்சுத்தான் போடவேணும். சுருட்டினபடி விட்டால் சூடேறி உருகும். மின் ஒழுகினால் தானே நிறுத்துற ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதோ எண்டு முதலே அதின்ரை ரெஸ்ற் பொத்தானை அமத்திப் பாருங்கோ.

காசு விசயத்தில கனபேர் பிழைவிடுகினம். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிற கணக்கு. நீங்கள் எடுக்கிற 30 யூனிற் அந்த வீட்டை மேல் படிக்குத் தள்ளினால் அவைக்கு உங்கடை கணக்கை விடக் கனக்க ஏறும். சின்ன மீற்றர் ஒன்று பூட்டி, கடைசிப் படி விலையில கணக்குப் பாருங்கோ. கையில காசு நீட்டினால் வாங்க மாட்டினம், மனமும் நோகும். கணக்கு இலக்கத்தைக் கேட்டு அந்த மாதப் பில்லை முழுக்க நீங்களே கட்டிப்போட்டுத் துண்டைக் குடுத்தால் ஒருவரும் மறுக்க மாட்டினம்.

கழிவு பற்றியும் சொல்லவேணும். ரொய்லற் கசெற்றை, அதாவது வான் மலசலகூடத்தில கழற்றி எடுக்கிற கழிவுத் தாங்கியை, ஏரியில ஊத்துறவரோடை இந்த ஊர் கதைக்காது, அது நியாயம். மலசலகூடம் உள்ள வீட்டில கேட்டு ஊத்துங்கோ, போமலின் உள்ள நீல மருந்து போடாமல். அது குழியில இருக்கிற நுண்ணுயிரைக் கொல்லும். குழி வெட்டிப் புதைக்கவே வேண்டாம், சுண்ணக்கல் வெடிப்பால நேரே கிணற்றுக்குப் போகும். பாத்திரம் கழுவின தண்ணி வாளியில மூடாமல் நிண்டால் நுளம்பு. டெங்குப் பரிசோதனைக்கு சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வில்லங்கம்.

வல்வெட்டித்துறையிலிருந்து:

ஆட்களைப் பழகுவதற்குத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயில் மடங்களை விட விரைவான இடம் கிடையாது. அன்னதானக் கந்தன் என்ற பெயருக்கேற்ப அங்கே சமையல் நடந்துகொண்டிருக்கும். சாப்பிட மட்டும் போனால் விருந்தாளியாகவே இருப்பீர்கள். காலையில் போய், மரக்கறி வெட்ட ஆள் தேவையோ என்று பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். சொந்தக் கத்தி ஒன்று கொண்டு போங்கள். நிலத்தில் இருந்து இரண்டு மணித்தியாலம் பூசணிக்காய் வெட்டினால் எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்ற விசாரணையெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்யும் கப்பூகரைப் படம் எடுக்காதீர்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

ஆவணித் திருவிழாவுக்கு முன்னரே வானைக் கோயிற்பக்கத்தில் இருந்து எடுத்துவிடுங்கள். அந்த நாட்களில் வானில் மீன் பொரிக்கவும் கூடாது. மணம் நாலு வளவு தாண்டும்.

வாசிகசாலைக்குக் காலையில் போய்ப் பத்திரிகை வாசியுங்கள்; ஒரு தாளை எடுத்து நடுப்பக்கத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தாலே கதை தொடங்கும். மார்கழியில் வருகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா. அதற்கு முந்திய வாரங்களில் வீட்டுக்கு வீடு மூங்கில் சீவுவார்கள். பெரிய பட்டம் ஏற்றப் பலர் வேண்டும். கயிறு பிடிக்கப் போனால் தடித்த கையுறை போடுங்கள், கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். வாடைக்காற்று ஒரு இழுவை இழுத்தால் தோல் போய்விடும்.

எந்தப் பகுதி என்று கேட்பவர் சிலர் சாதியை அறியக் கேட்பார்கள். பதில் சொல்லக் கடமையில்லை. தண்ணீர் தந்த வீடு எதுவாக இருந்தாலும் அங்கே இருந்து தேத்தண்ணி குடியுங்கள், எல்லாரும் பார்க்கக் குடியுங்கள். இந்த ஊர்களில் சாதி சொல்லிக் கிணற்றில் அள்ள விடாத ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. வந்து நிற்கிறவர் அதைத் தொடரக் கூடாது.

இடைக்காட்டிலிருந்து:

வாங்கிக்கொண்டே இருக்க முடியாது, ஒருநாள் கொடுக்கவும் வேண்டும். வானுக்குள் நாலு பேரைக் கூப்பிட இடமில்லை, ஆகவே வெளியே ஒடியற்கூழ், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ். எட்டுப் பேருக்கு ஒடியல் மா 300 கிராம் போதும். இரண்டு மணித்தியாலம் நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை ஊற்றி, திரும்பவும் நீர் விட்டு ஊற்ற வேண்டும். இதை அவசரப்படுத்தினால் கசப்பு நிற்கும், கூழ் முழுவதும் வீண்.

அடுப்பு மூன்று கல், விறகு பனைமட்டையும் பொச்சும். வானின் காஸ் அடுப்பு 10 லீற்றர்ப் பானையைத் தாங்காது, தட்டுப்பட்டுக் கவிழ்ந்தால் ஆளுக்கும் ஆபத்து. நெருப்பு, காற்று புகையை வான் பக்கம் கொண்டுவராத இடத்தில், ஐந்து மீற்றராவது தள்ளி. முதலில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய். அவை அரைவாசி அவிந்த பின் மீன் தலை, நண்டு, றால். றாலை ஏரியில் வீச்சுவலை போடுபவரிடம் காலையிலேயே வாங்குங்கள். தினமும் ஒரே ஆளிடம் வாங்கினால் அவரும் கூழுக்கு வருவார், வந்தால் பானைக்குப் பக்கத்தில் அவர்தான் இருப்பார். கடைசியில் ஊறிய மாவை அரைத்த செத்தல் மிளகாயோடும் புளிக்கரைசலோடும் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, விடாமல் துழாவ வேண்டும். நிறுத்தினால் அடிப்பிடிக்கும். முருங்கையிலை இறக்கும்போது போட்டால் போதும்.

துழாவும் வேலையைக் கட்டாயம் அயலாருக்குக் கொடுங்கள். உப்புக் காணாது, புளி கூட என்று ஆளுக்கொரு சொல் சொல்வதற்குத்தான் எல்லாரும் வருகிறார்கள். கோப்பை வேண்டாம், பனையோலையில் பிளா கோலத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஊரில் இருப்பார், இரண்டு நாள் முந்தியே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை, அமாவாசை, விரதநாள் தவிர்த்து நாள் பாருங்கள். மரக்கறிக்காரருக்குப் புறம்பாகச் சின்னப் பானை.

தொண்டைமானாற்றிலிருந்து, திரும்பவும்:

அயலில் செத்தவீடு என்றால் அழைப்புக்குக் காத்திராமல் போங்கள். கலியாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள், இதற்கு மாட்டார்கள். புறப்படும்போது "போட்டு வாறன்" என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழும்பி வரவேண்டும். வந்து குளிக்காமல் வானுக்குள் ஏற முடியாது என்பதால் 20 லீற்றர் வாளி ஒன்றில் தண்ணீரும் மாற்றுடுப்பும் வெளியே வைத்துவிட்டுப் போங்கள். மூடியோடு வையுங்கள்.

அயலில் இருந்து கறி வந்த கிண்ணத்தைக் கழுவி வெறுமையாகக் கொடுக்காதீர்கள். நாலு வாழைப்பழமோ ஒரு துண்டு பனங்கட்டியோ போதும். வானில் அலுமாரி சிறிது, கிண்ணங்கள் சேர்ந்தால் எது எந்த வீட்டுடையது என்று குழம்பும். அடியில் ஒட்டுத்தாள் ஒட்டிப் பெயர் எழுதி வையுங்கள், கொடுக்கும்போது உரித்துவிடலாம்.