‘ஆல் த இஷ்யூஸ் ஆர் நாட் ஃபிக்ஸ்ட்’: தப்பு யார் மேல்?

ராத்திரி ஷிப்ட்:
நேற்று ஆபீசில் ஒரு கூத்து. கிளையன்ட் கொடுத்த 40 புகாரில் 36-ஐ முடித்துவிட்டோம், 4 பாக்கி. நான் அனுப்பிய மெயில்: “ஆல் த இஷ்யூஸ் ஆர் நாட் ஃபிக்ஸ்ட்.” ஒன்றுமே முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு அவர் போனில் கத்தினார். ‘இன்னும் எல்லாம் முடியவில்லை’ என்றுதானே நான் எழுதினேன்? எழுதியது தப்பா, அவர் படித்தது தப்பா?

சிவப்புப்பேனா:
எழுதியதுதான் தப்பு, தம்பி. ‘நாட்’ முன்னால் வந்திருக்க வேண்டும்: “நாட் ஆல் த இஷ்யூஸ் ஆர் ஃபிக்ஸ்ட்.” ஒன்றுமே முடியவில்லை என்றால் “நன் ஆஃப் த இஷ்யூஸ்.” தமிழில் இந்தச் சிக்கலே கிடையாது. ‘எல்லாரும் வரவில்லை’ என்றால் சிலர் வந்தார்கள். ‘யாரும் வரவில்லை’ என்றால் ஒருவரும் இல்லை. மறுப்பு இரண்டிலும் கடைசியில்தான். அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைப்பதால்தான் பிள்ளைகள் “எனிபடி டிட் நாட் கம்” என்று எழுதுகிறார்கள். ‘எனி’ வருவதற்கு முன்பே மறுப்பு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் “நோபடி கேம்”, வேலை முடிந்தது. 22 வருடமாக விடைத்தாளில் இதைத்தான் சுழித்துக்கொண்டிருக்கிறேன்.

மொழிப்பித்தன்:
மேடம், கொஞ்சம் பொறுங்கள். “ஆல் தட் க்ளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்ட்” என்கிறார்களே, அதையும் சுழிப்பீர்களா? ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்திலேயே ‘க்ளிஸ்டர்ஸ்’ என்று இருக்கிறது. மின்னுவது ஒன்றுகூடப் பொன் இல்லை என்றா அதற்குப் பொருள்? அப்படியென்றால் என் வீட்டு நகையெல்லாம் பித்தளை! அந்த அமைப்புக்கு இரண்டு பொருளும் உண்டு. பேசும்போது ‘ஆல்’ மேல் அழுத்தம் கொடுத்தால் புரிந்துவிடும். மெயிலில் குரல் இல்லை, அவ்வளவுதான்.

சிவப்புப்பேனா:
பழமொழிக்கு 400 வருடச் சலுகை உண்டு. தம்பியின் மெயிலுக்கு இல்லை. இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு “ஐ டோன்ட் நோ நத்திங்” என்பதும் சரி என்பீர்கள்.

மொழிப்பித்தன்:
சாசர் என்ற 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞரும் ஷேக்ஸ்பியரும் மறுப்புக்கு மேல் மறுப்பு அடுக்கியவர்கள்தான். அடுக்க அடுக்க மறுப்பு வலுக்கும், அறுந்துபோகாது. இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடு என்று 1760களில் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் தன் இலக்கண நூலில் எழுதினார். மைனஸை மைனஸால் பெருக்குகிற கணக்கு. பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அதற்காக இன்டர்வியூவில் போய் அப்படிப் பேசச் சொல்லவில்லை. வேலை கிடைக்காது.

ஊர்க்குருவி:
நீங்கள் இருவரும் ‘நாட்’டோடு மல்லுக்கட்டுங்கள். வெளியே தெரியாமல் மறுப்பை வயிற்றில் வைத்திருக்கும் ‘ஹார்ட்லி’தான் என் எதிரி. என்னிடம் வேலை பார்த்த பையன் நல்ல உழைப்பாளி. அவனுக்கு நற்சான்று கொடுக்கும்போது “ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்” என்று எழுதித் தொலைத்தேன். ‘லி’ ஒட்டினால் வினையடை ஆகிவிடும் என்று படித்த தைரியம். பையன் வேலையே செய்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்! “ஹி ஒர்க்ஸ் ஹார்ட்” என்று இருந்திருக்க வேண்டும். ‘ஃபாஸ்ட்’டும் இப்படித்தான், ‘ஃபாஸ்ட்லி’ கிடையாது.

சிவப்புப்பேனா:
அது மறுப்புச் சொல்தான் என்பதற்கு வாலைப் பாருங்கள்: “ஹி ஹார்ட்லி கம்ஸ், டஸ் ஹி?” ‘டஸ்ன்ட்’ வராது. அதனால்தான் “கான்ட் ஹார்ட்லி” என்றாலும் சுழிக்கிறோம். சரி தம்பி, போனில் நீங்கள் விளக்கிச் சொல்லவில்லையா?

ராத்திரி ஷிப்ட்:
அங்கேதான் இன்னும் கெட்டது, மேடம். “ஸோ யூ ஹேவன்ட் ஃபிக்ஸ்ட் எனி?” என்றார். பதறிப்போய் “நோ சார், நோ சார்” என்றேன். ‘அப்படி இல்லை சார்’ என்பதுதான் என் மனதில்.

மொழிப்பித்தன்:
அடடா! அவர் காதில் ‘ஆமாம், ஒன்றையும் முடிக்கவில்லை’ என்றல்லவா விழுந்திருக்கும்? தமிழில் ‘இல்லை’ என்றால் கேட்டவரின் நினைப்பையே மறுக்கிறோம். ஆங்கிலத்தில் ‘நோ’ பின்னால் வரும் வினையோடு போகும். “யெஸ், வி ஹேவ்” என்று சொல்லியிருக்க வேண்டும். இதில் மேடம் பக்கம்தான் நான். தமிழ்தான் உங்களைக் கவிழ்த்துவிட்டது.

ராத்திரி ஷிப்ட்:
இப்போது திருத்தி அனுப்பிவிட்டேன்: “தர்ட்டி சிக்ஸ் ஆஃப் த ஃபார்ட்டி இஷ்யூஸ் ஆர் ஃபிக்ஸ்ட். ஃபோர் ரிமெய்ன்.” ‘ஆல்’லும் இல்லை, ‘நாட்’டும் இல்லை.

சிவப்புப்பேனா:
‘ஹேவ் பீன் ஃபிக்ஸ்ட்’ என்றால் இன்னும் நன்றாக இருக்கும்.

மொழிப்பித்தன்:
மேடம்!