குடும்பக் குழு: வலிப்புக்கு கஞ்சாச் செடி மருந்து

ராஜு மாமா: (ஃபார்வர்ட்) கஞ்சா எண்ணெய் தினமும் நாலே சொட்டு! எந்த வலிப்பா இருந்தாலும் ஓடிப்போகும்!!

ராஜு மாமா: கவிதா, இது நிஜமாம்மா? நம்ம குழந்தை நிலாவுக்கு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கறதும் இதுதானா?

கவிதா: இல்ல மாமா. நிலாவோடது அந்தச் செடியில இருந்து பிரிச்செடுக்கற கன்னாபிடியால்ங்கற ஒரே பொருள். போதை தர்றது டிஹெச்சி, அது வேற. "எந்த வலிப்பா இருந்தாலும்"ங்கறதும் சரியில்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 2018 ஜூன்ல டிராவே, லெனாக்ஸ்-கஸ்டோங்கற ரெண்டு கடுமையான வலிப்பு நோய்க்கு எபிடியோலெக்ஸை, அதாவது இந்த கன்னாபிடியால் மருந்தை அனுமதிச்சது. 2020ல டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்ங்கற மரபணு நோயால வர்ற வலிப்பையும் சேர்த்தாங்க. மத்த வகைகளுக்கு அந்த அளவு ஆதாரம் இல்ல.

தேவி: நிலாவுக்கு டிராவேதான் அக்கா. எவ்வளவு குறையும்னு எதிர்பார்க்கலாம்?

கவிதா: 2017ல 120 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்தது. மருந்து எடுத்தவங்களுக்கு மாசத்துக்கு 12.4ஆ இருந்த வலிப்பு 5.9 ஆச்சு. வெறும் போலி மருந்து எடுத்தவங்களுக்கு 14.9ல இருந்து 14.1. அடியோட நின்னது 5 சதவீதம் பேருக்குத்தான். அதுவும் பழைய மாத்திரைகளை நிறுத்தாம, அதுக்கு மேல சேர்த்துக் குடுத்தப்போ.

ராஜு மாமா: போதை இல்லாம மூளையில எப்படி வேலை செய்யுது?

கவிதா: முழுசா யாருக்கும் பிடிபடல மாமா. நரம்பு செல் மேல சேதி வாங்கற புரதங்கள் இருக்கு, வாங்கின்னு சொல்வாங்க. போதைக்குக் காரணமான சிபி1 வாங்கியில இது சரியா ஒட்டாது. ஜிபிஆர்55ங்கற இன்னொண்ணை அடைக்குது. அதனால நரம்பு செல்லுக்குள்ள கால்சியம் கிளம்பறது குறையுது, செல் சட்டுனு தூண்டப்படாது. மூளையை அமைதியாக்கற அடினோசினை செல்கள் திரும்ப உறிஞ்சறதையும் தடுக்குதுன்னு சொல்றாங்க.

முரளி: மாமா, அந்த நாலு சொட்டுக் கணக்கைப் பாருங்க. மி.லிக்கு 20 மி.கி இருக்கற எண்ணெய்னே வச்சுக்குவோம். நாலு சொட்டு கிட்டத்தட்ட 0.2 மி.லி, அதாவது 4 மி.கி. நிலா 16 கிலோ. ஆரம்ப அளவே ஒரு நாளைக்கு 80 மி.கி.

முரளி: பாட்டில்ல போட்டிருக்கற அளவையும் நம்ப முடியாது. ஆன்லைன்ல வித்த 84 பொருளை 2017ல சோதிச்சாங்க. 31 சதவீதத்துலதான் லேபிளும் சரக்கும் ஒத்துப்போச்சு. 18 பொருள்ல டிஹெச்சி இருந்தது. குழந்தைக்கு அதைக் குடுக்கறது பெரிய வம்பு.

தேவி: முரளி, சிரிஞ்சு அளவு ஒருதரம் சரிபார்த்துடு. சீட்டுல கிலோவுக்கு 2.5 மி.கி, ரெண்டு வேளைன்னு இருக்கு.

முரளி: 16 × 2.5 = 40 மி.கி. மருந்து மி.லிக்கு 100 மி.கி. அப்போ வேளைக்கு 0.4 மி.லி. ஒரு வாரம் கழிச்சு கிலோவுக்கு 5 மி.கின்னு டாக்டர் ஏத்தினா 0.8 மி.லி. இந்த நோய்க்கு உச்சம் கிலோவுக்கு 10, அதாவது வேளைக்கு 1.6 மி.லி. நீங்களா ஏத்தாதீங்க அண்ணி. 0.4ஐ 4னு படிச்சா பத்து மடங்கு போயிடும், அதனால இப்போதைக்கு 1 மி.லி சிரிஞ்சுதான். வீட்டு ஸ்பூன் வேண்டவே வேண்டாம்.

முரளி: சிரிஞ்சைக் கழுவினா நல்லா உலரட்டும். இது எண்ணெய் மருந்து, உள்ள தண்ணி நின்னா கலங்கிடும். அடிப்படையே நல்லெண்ணெய், எள் ஒவ்வாமை இருந்தா ஆகாது.

தேவி: காலையில வெறும் வயித்துல, ராத்திரி சாப்பிட்டப்புறம். பரவாயில்லையா?

கவிதா: வேண்டாம் தேவி. கொழுப்புள்ள சாப்பாட்டோட குடுத்தா ரத்தத்துல சேர்ற மருந்து நாலு மடங்கு வரைக்கும் கூடும். ஒரு வேளை காலி வயிறு, ஒரு வேளை நிறைஞ்ச வயிறுன்னா அளவு ஏறி இறங்கிட்டே இருக்கும், அப்புறம் மருந்து வேலை செய்யலன்னு தோணும். ரெண்டு வேளையும் சாப்பாட்டோட குடு, தினமும் அதே மாதிரி.

தேவி: பழைய வலிப்பு மருந்துகள் க்ளோபசாமும் வால்ப்ரோயேட்டும் போய்ட்டிருக்கு அக்கா.

கவிதா: அதுதான் கவனிக்க வேண்டிய இடம். க்ளோபசாம் உடம்புல உடைஞ்சு ஒரு மிச்சப் பொருள் வரும். கல்லீரல்ல அதை உடைக்கற நொதியை கன்னாபிடியால் தடுக்கும். அந்த மிச்சத்துக்கும் தூங்க வைக்கற சக்தி உண்டு, ரத்தத்துல அது மூணு மடங்கு ஆகலாம். நிலா தூங்கி வழிஞ்சா, தள்ளாடினா டாக்டருக்குச் சொல்லு. பெரும்பாலும் க்ளோபசாமைத்தான் முதல்ல குறைப்பாங்க.

கவிதா: வால்ப்ரோயேட்டோட சேர்ந்தா கல்லீரல் நொதிகள் ஏறலாம். அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அப்புறம் 1, 3, 6வது மாசத்துல ஏஎல்டி, ஏஎஸ்டி, பிலிருபின்ங்கற கல்லீரல் ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்கணும். அளவு மாத்தினாலும் பார்க்கணும். கண்ணு மஞ்சளானா, சிறுநீர் கருத்தா, விடாம வாந்தி எடுத்தா அடுத்த டெஸ்ட் வரைக்கும் காத்திருக்காதே. பேதியும் பசி குறையறதும் நிறைய பேருக்கு வரும், எடையைக் குறிச்சு வை.

ராஜு மாமா: வலிப்பு வர்றப்போ வாயில ரெண்டு சொட்டு விட்டா?

கவிதா: ஐயோ வேண்டாம் மாமா! புரையேறிடும். இது ஓடிட்டிருக்கற வலிப்பை நிறுத்தற மருந்தே இல்ல. அப்போ ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதுவும் போடாதீங்க. ஓடற வலிப்பை நிறுத்த டாக்டர் குடுத்த மிடாசோலம் ஸ்ப்ரேயை அவர் சொன்ன நேரத்துல மூக்குல அடிங்க. 5 நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்.

தேவி: ஒத்துக்கலன்னா நிறுத்திடலாமா?

கவிதா: சட்டுனு நிறுத்தினா வலிப்பு முன்னைவிட மோசமா திரும்பலாம். டாக்டர் படிப்படியாத்தான் இறக்குவார். நீயா நிறுத்தாதே.

முரளி: அண்ணி, பாட்டிலை ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க, நிமிர்த்தி வெளியவே இருக்கட்டும். திறந்த தேதியை மேல எழுதிடுங்க. 12 வாரம் ஆனா தூக்கிப் போட்டுடணும்.

தேவி: மிச்சம் இருந்தாலுமா?

முரளி: மிச்சம் இருந்தாலும்.