கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் கருகல் வாசனை: வண்டிக் கோளாறா, ஓட்டுற விதமா?

தினைமாவு (கேள்வி)

1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 46,000 கி.மீ. ஓடியது. அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான். ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது பாதி வளைவு தாண்டியதும் முன் சக்கரத்துப் பக்கம் கருகல் வாசனை. கடைசி பத்துப் பதினைந்து வளைவில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது. கீழே அரை மணி நேரம் நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுகிறது. சர்வீஸில் காட்டியதற்கு "பேட் (பிரேக் கட்டை) பாதிக்கு மேல இருக்கு, ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். இறக்கியது பெரும்பாலும் மூன்றாவது கியர், நேரான துண்டுகளில் மைலேஜுக்காக நியூட்ரல். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு மறுபடி போக வேண்டும். எதை மாற்றணும், எப்படி இறக்கணும்?

ஸ்பானர்12

பெடல் ஆழமா இறங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, விடை அதுலயே இருக்கு. ரெண்டு விதமா பிரேக் கைவிடும். பெடல் கல்லு மாதிரி இருக்கும், ஆனா வண்டி நிக்காது: அது பேட் சூடேறிப் பிடிப்பு போனது. பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும்: அது பிரேக் ஆயில் கொதிச்சு லைன்ல ஆவி நின்னது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கிடலாம். அதான் காலு உள்ள போகுது, அழுத்தம் கேலிபருக்கு (பேட்டைச் சக்கரத்து டிஸ்க் தட்டுல அமுக்கற பாகம்) போய்ச் சேரல. ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாயிடும், பெடல் சரியாயிடும். சர்வீஸ்ல வண்டியை நிறுத்தி வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாதுதான்.

ஆயில் ஏன் கொதிக்குது? பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தர எண், டப்பாவுல போட்டிருக்கும். புது டாட் 3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறினா 140 வரைக்கும் இறங்கிடும். டாட் 4 புதுசுல 230, ஈரம் ஏறினா 155. 46,000 ஓடியிருக்கு, ஆயில் எப்ப மாத்தினதுன்னு பில்லைத் தேடிப் பாருங்க. "டாப் அப்"னு போட்டிருந்தா குறைஞ்சதுக்கு மேல ஊத்தினது, மாத்தினது இல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா இறக்கி, நாலு சக்கரத்துலயும் ப்ளீட் பண்ணணும், அதாவது பழைய ஆயிலையும் காத்தையும் லைன்லேருந்து வெளியேத்தணும். ஒரு லிட்டர் வாங்கினா தாராளம். மூடி தொறந்து மாசக்கணக்கா அலமாரில கிடந்த டப்பாவை ஊத்த விடாதீங்க, அதுலயும் ஈரம் ஏறியிருக்கும். டாட் 3 போட்ட வண்டியில டாட் 4 ஊத்தலாம். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கான், மத்ததோட சேராது. 5.1 வேற சரக்கு, அது ஓகே.

பேட்டைக் கழட்டி முகத்தைப் பாக்கச் சொல்லுங்க. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா வெந்து போச்சு, கனம் பாதிக்கு மேல இருந்தாலும் மாத்திடுங்க. அப்படியே கேலிபர் நகர்ற ஸ்லைட் பின்னும் (கம்பி) கையால தள்ளினா நகருதான்னு பாக்கட்டும். ஒரு சக்கரத்துல மட்டும் வாசனைன்னா பேட் விடாம ஒட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

ஊசிவளைவு

ஆயில் மாற்றுவது அவசியம்தான். ஆனால் மூன்றாவது கியரிலும் நியூட்ரலிலும் எழுபது வளைவை இறக்கினால் புது ஆயிலும் ஒருநாள் கொதிக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஆட்கள், சாமானோடு 1,500 கிலோ வண்டி 800 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற்ற வேண்டிய சக்தி 3.2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை மூன்று மணி நேரம் விடாமல் போட்ட சூடு அது. அதில் பெரும்பங்கை இரண்டு முன் டிஸ்க்குகள் அரை முக்கால் மணி நேரத்தில் வாங்கிக்கொள்கின்றன. எஞ்சினுக்கும் ஒரு பங்கைக் கொடுப்பதுதான் கியரில் இறக்குவது.

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். உங்கள் வண்டிக்கு வளைவுகளுக்கு இடையே செகண்ட், சரிவு அதிகமான வளைவுகளில் ஃபர்ஸ்ட். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் செகண்டில் 25-30 வேகத்தில் பெரும்பாலும் அதுவே பிடித்து நிற்கும். எஞ்சின் உறுமுகிறதே என்று பயப்பட வேண்டாம், 3,000 ஆர்பிஎம் அதற்கு ஒன்றுமே இல்லை. வேகம் ஏறினால் பிரேக்கை அழுத்தமாக இரண்டு மூன்று வினாடி பிடித்து, 20க்குக் கொண்டுவந்து, முழுசாக விட்டுவிடுங்கள். காலை லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் கருக்குகிறது. முழுசாக விட்டால்தான் டிஸ்க்குக்கு ஆற இடைவெளி கிடைக்கும்.

கியரைக் குறைப்பது வளைவுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். வளைவுக்குள் கிளட்சை மிதித்தால் அந்த நேரத்தில் வண்டி நியூட்ரலில் ஓடுவது மாதிரிதான்.

மைலேஜ் விஷயம்: இன்றைய இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டியில் நியூட்ரல் நஷ்டம். கியரில், கால் எடுத்த நிலையில் இறங்கினால் சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது, பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விட்டுத்தான் ஆக வேண்டும். சாவியை அணைத்து இறக்குகிற ஆட்களும் உண்டு. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் (வெற்றிட அழுத்தம்) இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பிறகு பிரேக் மரக்கட்டை. ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

புளியோதரை

ஆட்டோமேட்டிக் வச்சிருக்கறவங்களுக்கு: டி-யிலயே விட்டா இறக்கத்துல தானா மேல் கியருக்குப் போயிடும். எல், 2, மேனுவல் எது இருக்கோ அதுக்கு மாத்திக்கோங்க. ஏஎம்டியில (கிளட்ச் மிதி இல்லாம தானா கியர் மாத்தற மேனுவல் பெட்டி) எம் போட்டு செகண்ட். எலெக்ட்ரிக் கார்னா மலை மேல தங்கற இடத்துல 100 சதவீதம் சார்ஜ் ஏத்தாதீங்க. பேட்டரி நிறைஞ்சிருந்தா ரீஜென் (மோட்டாரே வண்டியைப் பிடிச்சுச் சார்ஜ் ஏத்தறது) வேலை செய்யாது, அல்லது ரொம்பக் குறைஞ்சிடும். முதல் வளைவுகள் முழுக்க பிரேக்குலதான் இறங்கும். 80ல கிளம்பினா இறங்க இறங்கச் சார்ஜ் ஏறும்.

வாந்தி எடுக்கற பிள்ளைங்க இருந்தா வெறும் வயித்தோட கூட்டிப் போகாதீங்க. ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி போதும். பரோட்டாவும் சால்னாவும் இறங்கினப்புறம்.

தினைமாவு

பில் பார்த்தேன், பிரேக் ஆயில் மாற்றியதாக எங்குமே இல்லை. வாசனை நடுவழியில் வந்தால் அப்படியே மெதுவாக இறக்கிவிடுவதா, நிறுத்துவதா? சக்கரத்தில் தண்ணீர் ஊற்றலாம் என்கிறார்கள். ஏறும்போது ஏசியை அணைக்கணுமா?

ஸ்பானர்12

தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க. கொதிக்கற தோசைக்கல்லுல ஊத்தின மாதிரி, டிஸ்க் கோணிக்கும், வெடிப்பும் விடும். அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் ஆடும்.

வாசனை மட்டும், பெடல் நல்லா இருக்குன்னா ஃபர்ஸ்ட்ல போட்டு, பிரேக்கைக் குறைச்சு, அடுத்த அகலமான இடம் வரைக்கும் போங்க. ஓடற காத்துலயே பாதி ஆறும். பெடல் ஆழமா போக ஆரம்பிச்சா யோசிக்காம நிறுத்துங்க. வளைவுல நிறுத்தாதீங்க, ரெண்டு பக்கமும் பார்வை தெரியற நேர்த் துண்டுல, மலைச்சுவர் ஓரமா. ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்கவேண்டாம். பின் சக்கரத்துல சூடான பிரேக் டிரம்மை உள்ள இருக்கற லைனிங் இறுக்கிப் பிடிச்சு ஒட்டிக்கும். ரிவர்ஸ் கியர்ல விட்டு எஞ்சினை அணைச்சு, முன் சக்கரத்துக்குக் கல்லு வச்சு, ஸ்டீயரிங்கைச் சுவர் பக்கம் திருப்பி விடுங்க. கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரமாப் போடுங்க, நடு ரோட்டுல கிடந்தா பின்னால வர்ற பைக்காரன் விழுவான். 30 நிமிஷம் குறைஞ்சது. ரிம்மைத் தொட்டுப் பாக்காதீங்க, ஒரு சாண் தள்ளி புறங்கையைக் காட்டினாலே அனல் தெரியும். அனல் போனாத்தான் கிளம்பணும்.

ஊசிவளைவு

நிறுத்த இடம் வருவதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிட்டால்: வேகமாக நாலைந்து தடவை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். அதே நேரம் தேர்டிலிருந்து செகண்ட், செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட். ஹேண்ட்பிரேக்கை இப்போது பயன்படுத்தலாம், ஆனால் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து. ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுற்றிவிடும்.

ஏசி: டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிற வரை ஓடட்டும். முள் ஏறினால் அணையுங்கள், அதற்கும் மேல் போனால் ஹீட்டரை முழுதாக வைத்து ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம்.

விழா நாளில் பஸ்ஸும் வேனும் நிறைய ஏறும். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். பஸ் வளைவை முழுசாக எடுத்துத் திருப்பும், அதனால் ஹாரன் சத்தம் கேட்டதுமே வளைவுக்கு இருபது முப்பது அடி முன்னால் நின்றுவிடுங்கள். வளைவு வாய்க்குள் போய் நின்றால் இரண்டு பேரும் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்பானர்12

ஆயில் மாத்தும்போது பக்கத்துலயே நின்னு பாருங்க. ப்ளீட் பண்ற டியூப்ல முதல்ல டீ கலர்ல வரும், தெளிவா வெளிர் மஞ்சள்ல வர்ற வரைக்கும் விடச் சொல்லுங்க. பிரேக் ஆயில் டேங்க்ல மட்டும் உறிஞ்சிட்டுப் புதுசு ஊத்தினா கேலிபர்ல நிக்கறது பழசுதான். கொதிக்கறது அங்கதான்.