அமிதவ் கோஷின்ர முதல் நாவல்: இரண்டாம் பகுதியில வட்டம் நின்று போச்சு, எப்பிடிக் கொண்டுபோகலாம்?

கொள்ளுப்பிட்டி வாசகி

எங்கட வாசிப்பு வட்டத்துக்கு இந்த முறை 'தி சேர்க்கிள் ஒஃப் ரீசன்' எடுத்திருக்கிறம். போயாவுக்குப் போயா கூடுறது, பன்னிரண்டு பேர். லால்புக்கூர் கிராமம் முடியும் வரைக்கும் எல்லாரும் ஆசையா வாசிச்சினம். கதைநாயகன் ஆலு எண்ட பெடியன் வங்காளத்தை விட்டு ஓடி, மலபார்க் கரையில மாஹேயில வள்ளம் ஏறி வளைகுடாவுக்குப் போன பிறகு பாதிப் பேர் புத்தகத்தை மூடிப்போட்டினம். "தப்பி ஓடுறவன்ர கதை எண்டு சொன்னீங்கள், ஓடுறவனையே காணேல்லையே" எண்டு கேக்கினம். மூன்றாம் பகுதி வேற நாவலைக் கொண்டுவந்து ஒட்டின மாதிரி இருக்கு எண்டும் ஒரு குறை.

எத்தனை கூட்டமாப் பிரிக்கிறது, பெயர்களை எப்பிடி ஞாபகம் வைக்கிறது, எதைப் பிடிச்சுக்கொண்டு கதைச்சா மூன்று பகுதியும் ஒன்றாத் தெரியும்? இதை வாசிச்சு முடிச்ச ஆக்கள் சொல்லுங்கோ. புதுசாச் சேர்ந்த நாலு பேருக்குப் பிரதியும் வேணும்.

ஹெவ்லொக் டவுன்

மூன்று கூட்டம் வையுங்கள், ஆனால் பகுதிக்கு ஒன்று என்று வைக்காதீர்கள். அங்கேதான் சறுக்கும். நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட நாவல். இரண்டாம் பகுதிதான் நீளம், மூன்றாவது மிகச் சிறியது. பகுதிக்கு ஒரு கூட்டம் என்றால் நடுக் கூட்டத்தில் யாருமே முடித்திருக்க மாட்டார்கள், கடைசிக் கூட்டத்தில் கதைக்க விசயம் இராது. முதல் கூட்டத்தை லால்புக்கூரோடு நிறுத்தாமல் வள்ளப் பயணம் முடியும்வரை இழுங்கள். இரண்டாவது கூட்டம் வளைகுடாவில் அவன் போய்ச் சேரும் அல்-கஸீராவில் கட்டடம் விழுந்து ஆலு உயிரோடு வெளியே வரும் வரைக்கும். அதற்குப் பிந்திய வளைகுடாப் பகுதியும் அல்ஜீரியாவும் சேர்ந்து மூன்றாவது. நாளுக்கு இருபது பக்கம் வாசித்தாலும் மூன்று வாரத்தில் முழு நாவலும் முடியும். ஆகவே இரண்டு போயா இடைவெளி தாராளம்.

ஓடுபவனைக் காணவில்லை என்பதைக் குறையாக எடுக்கத் தேவையில்லை, நாவலின் அமைப்பே அப்படி. ஆலு அதிகம் பேசாதவன். எட்டு வயதில், தாய் தகப்பன் இல்லாமல், பெரியப்பா பலராமின் வீட்டுக்கு வருகிறான். தலை மேடும் பள்ளமுமாக இருப்பதால் உருளைக்கிழங்கு என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. உண்மைப் பெயர் நசிகேத போஸ். கடோபநிடதத்தில் யமனிடம் போய்க் கேள்வி கேட்கிற சிறுவன் நசிகேதன் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்று பகுதிகளின் தலைப்புகளும் சத்துவம், ராஜசம், தாமசம் என்றுதான் போகின்றன, தாமசத்துக்குப் பக்கத்தில் மரணம் என்றே போட்டிருக்கிறார். நசிகேதன் யாரென்று தெரிந்தால் அந்த ஒழுங்கு தற்செயல் இல்லை என்பது விளங்கும்.

ஆளைத் தொடராமல் பொருளைத் தொடரச் சொல்லுங்கள். நான்கு பொருள் போதும்: தையல் மெஷின், கிருமிநாசினியான கார்போலிக் அமிலம், தறி, லூயி பாஸ்டரின் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம். ஒரு தாளில் நான்கு நிரை கீறி, ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் வருகிறது, யார் கையில் இருக்கிறது, நல்லதற்கா கெட்டதற்கா பயன்படுகிறது என்று குறிக்க வேண்டும். பெரியம்மா தோருதேவியின் தையல் மெஷின் முதல் பகுதியில் வீட்டுக்குள் ஒரு வெறியாக இருக்கிறது. அல்-கஸீராவில் 'நட்சத்திரம்' என்ற பெரிய கட்டடம் இடிந்து விழும்போது ஆலுவின் மேல் கொங்கிரீட் இறங்காமல் தாங்கிப் பிடிப்பவை இரண்டு பழைய தையல் மெஷின்கள். அங்கே ஆலு தங்கும் வீட்டுக்காரி ஸிந்தி வாங்கத் துடிக்கிற கடையும் தையல்கடைதான். பிறகு அந்த இரண்டு மெஷினையும் எடுத்துவரப் போகிற ஊர்வலத்தைத்தான் அதிகாரிகள் கிளர்ச்சி என்று எண்ணி அடக்குகிறார்கள். நிரையை நிரப்பிக்கொண்டு வருகிறவர் இரண்டாம் பகுதியில் தொலைய மாட்டார்.

பெயர்களுக்கு இரண்டு தாள் போதும். முதல் தாளில் பலராம், தோருதேவி, ஆலு. நெசவாளர் ஷொம்பு தேப்நாத், மகள் மாயா, மகன் ராக்கால். பள்ளிக்கூட முதலாளி பூதேப் ராய். கல்கத்தாவில் இருக்கும் நண்பர் கோபால். துரத்தி வருகிற பொலிஸ் அதிகாரி ஜோதி தாஸ். இரண்டாம் தாளுக்கு நடுவில் ஸிந்தியின் வீட்டை வையுங்கள். எகிப்துக்காரி, உடம்பும் குரலும் பெரியது. அவளைச் சுற்றி அபூ ஃபஹ்ல், கார்த்தம்மா, குல்ஃபி, சுன்னி, ராகேஷ், புரொபெசர் சாமுவேல். வெளியே ஹாஜ் ஃபஹ்மியும் ஜீவன்பாய் பட்டேலும். சொல்லகராதி புத்தகத்தில் இல்லை, வங்காளமும் அரபும் இந்தியும் அப்படியே வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஃபோனை எடுத்தால் வாசிப்பு அறுந்துவிடும். தாண்டிப் போகச் சொல்லுங்கள்.

இரண்டாம் பகுதியில் இன்னொரு சிக்கல் கால வரிசை. கட்டடம் விழுந்த செய்தி முதலில் வரும், அதன் காரணங்கள் பின்னாலே கிளைக்கதைகளாக வரும். சந்தை, முட்டைக்காரன், அந்த ஊருக்கு எண்ணெய் வந்த விதம் எல்லாம் ஸிந்தியின் வீட்டில் உட்கார்ந்து கேட்கிற கதைகள். கோஷ் 1980இல் எகிப்தில் ஒரு கிராமத்தில் தங்கி, ஒக்ஸ்ஃபோர்டில் சமூக மானிடவியல் கலாநிதிப் பட்டத்துக்காகக் கள ஆய்வு செய்தவர். நாவல் வந்தது 1986இல். மற்றவர் கதை சொல்ல உட்கார்ந்து கேட்கிற பழக்கம் அந்தப் பக்கங்களில் நன்றாகத் தெரிகிறது. கதைநாயகன் எங்கே என்று தேடுகிறவருக்கு எரிச்சல் வரும். ஊர்க்கதை கேட்கிறவருக்கு நாவலின் சிறந்த பகுதி அதுதான்.

மருதமுனைத் தறி

மேலே சொன்ன நான்கில் தறியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாசிப்பு வட்டங்களில் அந்தப் பக்கங்களைத்தான் ஆட்கள் தள்ளிவிட்டுப் போவார்கள்.

ஆலுவுக்கு ஷொம்பு தேப்நாத் கற்றுக்கொடுப்பதில் உச்சம் ஜம்தானி. கைத்தறி தெரியாதவர்கள் அதைப் 'பூப்போட்ட சேலை' என்று கடந்துவிடுவார்கள். சாதாரணக் குழித்தறியில் பாவு நீளவாட்டில் இழுபட்டிருக்கும், மிதியை மிதித்தால் பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும், அதற்குள் நாடா என்ற ஓடக்கட்டை ஊடையை, அதாவது குறுக்கு நூலை, கொண்டுபோகும், பன்னை என்ற சீப்புச் சட்டத்தால் அடித்து இறுக்குவார்கள். ஜம்தானியில் இதற்கு மேலே ஒரு வேலை. ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனி நூல், அதை அந்தப் பூ வருகிற இடத்தில் மட்டும் கையாலே பாவுக்குள் கோர்க்க வேண்டும். கோர்த்த பிறகு ஊடை ஓடும். அடுத்த இழைக்குத் திரும்பவும் கோர்வை. வழக்கமாக ஒரு தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள், ஒருவர் குரு, மற்றவர் பழகுகிறவர். நுணுக்கமான சேலை ஒன்றுக்கு மாதக்கணக்கு ஆகும். டாக்காப் பக்கத்து ஜம்தானி நெசவை யுனெஸ்கோ 2013இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பிழை எங்கே வரும் என்றால் கஞ்சியிலும் இழுவையிலும். பாவுக்குக் கஞ்சி குறைந்தால் பன்னை உரசி நூல் பஞ்சாகி அறும், கூடினால் காய்ந்து முறியும். ஒரு பக்கம் தளர்ந்தால் துணி கோணும். கோணின துணியில் பூ நேராக நிற்காது, அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. தறியில் இருப்பவன் வாய் மூடி இருப்பது இதனால்தான். ஆலுவின் மௌனத்தை இந்த வேலையோடு வைத்துப் பார்த்தால் பொருந்தும்.

நாவலில் நெசவின் உலக வரலாறு ஒரு பெரிய பேச்சாக வரும். ஜோன் கே 1733இல் விசைநாடாவுக்கு உரிமை எடுத்தது, இங்கிலாந்து ஆலைத் துணி வங்காளத்தை நிரப்பியது என்ற பின்னணியை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டால் போதும். கயிற்றை இழுத்தால் நாடா தானே பறக்கும், ஒரே ஆள் அகலமான துணி நெய்யலாம். ஜம்தானிக்கு அந்த வேகம் உதவாது. பலராம் தன் பள்ளிக்கூடத்தில் தறியையும் தையலையும் 'நடைமுறை அறிவு' என்ற பிரிவில் போட்டு, பேச்சைத் 'தூய அறிவு' என்று பிரித்து வைக்கிறார். தறியில் ஒருநாள் இருந்தவர் அப்படிப் பிரிக்க மாட்டார். இந்தச் சின்ன நக்கலை விடாமல் பிடியுங்கள்.

கூட்டத்துக்கு ஒரு கைத்தறிச் சாரம் கொண்டுபோய் முனையைப் பிரித்துக் காட்டினால் விளக்குகிற வேலை பாதி குறையும்.

மட்டக்குளி

மூன்றாம் பகுதி ஒட்டுத்தான். ஹெவ்லொக் டவுன் என்ன சொன்னாலும் அல்ஜீரியாவில எல் ஊவெத் ஊரில இந்திய டொக்டர்மார் தாகூரின் 'சித்ராங்கதா' நாடகம் போட வெளிக்கிடுறதும், துரத்தி வந்த பொலிஸ்காரனே அங்க வந்து சேருறதும் நம்பக் கஷ்டம். முதல் நாவல்காரனுக்கு வாற அவசரம். அதுக்காக வாசிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை.

ஹெவ்லொக் டவுன்

தற்செயல் அதிகம் என்பது சரி. ஆனால் கார்போலிக் நிரையை நிரப்பிப் பாருங்கள், ஒட்டு அவ்வளவு தெரியாது. அறுவை மருத்துவர் லிஸ்டர் 1867இல் காயங்களுக்குக் கார்போலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டபோது பாஸ்டரின் கிருமி ஆய்வைத்தான் ஆதாரமாக எடுத்தார். பலராமின் பைத்தியத்துக்கு வேர் அது. 1971 யுத்தத்தில் எல்லை தாண்டி வந்த அகதிகளால் ஊர் நிரம்பி நோய் பரவும் என்ற பயத்தில் அவர் ஊரெல்லாம் கார்போலிக் தெளிக்கிறார், அந்தக் கட்டத்தில் அவர் செய்வது நல்ல காரியம். கொஞ்சம் கொஞ்சமாகப் பூதேப் ராய்க்கு எதிரான ஆயுதமாகவே அது மாறுகிறது. முடிவில் வீடே வெடிக்கிறது, ஆலுவின் தலையில் பயங்கரவாதி என்ற பெயர் விழுகிறது. வளைகுடாவில் இடிபாட்டுக்குள்ளிருந்து வந்த ஆலு, கிருமி இருக்கும் இடம் காசு என்கிறான். அல்ஜீரியாவில் குல்ஃபி இறந்தபோது கங்கை நீருக்குப் பதிலாக நிலத்தைச் சுத்தம் செய்வது கார்போலிக். விஞ்ஞானம் தீர்த்தமாகிற அந்த இடத்தில் அங்குள்ள இந்திய டொக்டர்மாரில் மிஷ்ரா முகம் சுழிக்கிறார், மிஸிஸ் வர்மா விடவில்லை. மூன்று பகுதியையும் கட்டும் முடிச்சு என்று எனக்குப் படுவது இது. பாஸ்டர் புத்தகம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதை இங்கே எழுதவில்லை, நிறையப் பேர் இன்னும் வாசிக்கவில்லை.

கொள்ளுப்பிட்டி வாசகி

நல்லது, நாலு நிரைத் தாளை இன்றைக்கே எல்லாருக்கும் அனுப்புறன். எங்கட வட்டத்தில இரண்டு பேரின்ர குடும்பம் மிடில் ஈஸ்ட் போய் வந்த குடும்பம். காசு வேண்டாம் எண்டு ஆலு சொல்லுற கட்டம் அவைக்கு விசர்க்கதையாத் தெரியுது. அதை எப்பிடி எடுக்கிறது?

தெமட்டகொடை நானா

அவர்களைத்தான் அந்தக் கூட்டத்தில் முதலில் பேச விடவேண்டும். ஆலு சொல்வது பிரசங்கம் மாதிரி ஒலித்தாலும் ஊரார் செய்வது கணக்கு வேலை. சம்பளத்தை எல்லாரும் ஒரே இடத்தில் போடுகிறார்கள், புரொபெசர் சாமுவேல் பெயர் பெயராகக் கொப்பியில் பதிகிறார், சாமான் மொத்தமாக வாங்குகிறார்கள். சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கு இது விளங்காமல் போகாது. சீட்டில் முறை வரும்போது காசு கைக்கு வரும், இங்கே கைக்கே வராது. ஆட்டங்காணுவதும் அந்த இடத்தில்தான்: வீட்டுக்கு அனுப்ப வேண்டியவன் என்ன செய்வான், கடை வைக்க ஆசைப்படுகிற ஸிந்தி என்ன செய்வாள்? இந்த இரண்டு கேள்வியையும் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், ஒரு மணித்தியாலம் போகும்.

வள்ளத்தில் கார்த்தம்மா பிள்ளை பெறுகிற கட்டத்தையும் சத்தமாக வாசியுங்கள். ஃபோர்ம் வந்து கையெழுத்துப் போடும்வரை பெறமாட்டேன் என்று வலியோடு மல்லுக்கட்டுகிறாள். பிள்ளைக்குக் கடதாசி இல்லாவிட்டால் அந்த நாட்டில் ஒன்றும் கிடைக்காது என்பது அவள் எண்ணம். நடுக்கடலில் ஃபோர்ம் எங்கே கிடைக்கும்? சிரிப்பாகத் தொடங்கித் தொண்டையில் அடைக்கிற கட்டம். கஃபீலின், அதாவது வேலைக்கு எடுத்த பொறுப்பாளியின், கையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வேலை செய்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று, அல்-கஸீரா கற்பனை நாடு. அது குவைத்தா, துபாயா என்று தேடத் தொடங்கினால் கூட்டம் அதிலேயே முடிந்துவிடும். லால்புக்கூர், கல்கத்தா, மாஹே, அல்-கஸீரா, எகிப்து, எல் ஊவெத், டாஞ்சியர் என்று மேற்கே போகிற ஒரு கோட்டைப் படத்தில் கீறி, அல்-கஸீராவுக்கு மட்டும் கேள்விக்குறி போடுங்கள்.

ஜோதி தாஸை வில்லனாக எடுக்க விடவேண்டாம். அவருக்குப் பறவை கீறுவதில்தான் மனம். ஆலுவைத் துரத்தப்போய் அவரும் ஊரில்லாதவராகிறார். ஓடுகிற கதை என்றால் அது இரண்டு பேரின் ஓட்டம்.

பழைய புத்தகம்

பிரதி விசயம் மட்டும். புதிதாக வேண்டுமென்றால் கொழும்புக் கடைகளில் கேட்டு ஓடர் போடவேண்டி வரலாம், கோஷின் பின்னாளைய நாவல்கள்தான் தட்டில் நிற்கும். பழையது தேடுகிறவர்கள் மருதானை டி.ஆர். விஜேவர்தன மாவத்தைக் கடைகளில் ஆங்கில நாவல் கட்டுகளைப் புரட்டலாம். செப்டெம்பர் என்றால் பண்டாரநாயக்க மண்டபத்துக் கண்காட்சியில் இந்தியப் பதிப்பு விற்கும் கூடங்களைப் பாருங்கள்.

பழைய பிரதி வாங்கும்போது மூன்று பகுதித் தலைப்புப் பக்கங்களும் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு கடைசி இருபது பக்கத்தை ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். ஒட்டுக் கட்டு காய்ந்த பிரதிகளில் முதலில் கழருவது அந்தப் பக்கம்தான். எழுத்து மங்கி, ஓரம் கோணலாக வெட்டியிருந்தால் கள்ளப் பதிப்பு. பன்னிரண்டு பேரிடமும் வேறு வேறு பதிப்பு இருந்தால் பக்க எண் ஒத்துவராது. ஆகவே ஹெவ்லொக் டவுன் சொன்ன நிரையில் பக்க எண்ணுக்குப் பதிலாக அத்தியாயத்தைப் போடச் சொல்லுங்கள்.

பிரெஞ்சு வாசிக்கிற யாரும் இருந்தால், 1990இல் மெதிசி வெளிநாட்டு நாவல் விருது வாங்கியது இதே நாவலின் பிரெஞ்சுப் பதிப்புத்தான். அங்கே தலைப்பு வேறு, 'வங்காளத்துத் தீ' என்கிற பொருளில் இருக்கும், அதனால் தேடும்போது தவறவிட வேண்டாம். கோஷ் சிறுவயதில் கொஞ்சக் காலம் கொழும்பில் வளர்ந்தவர் என்பதை அறிவித்தலில் ஒரு வரியாகப் போடுங்கள், வராமல் நிற்கிற இரண்டு பேராவது அதற்காக வருவினம்.