புதுப்பிப்பு: காலையில் வந்த 'டிக் டிக்' சத்தம், காரணம் அகப்பட்டது

1998 மாடல் பெட்ரோல் கார், குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்', சூடானதும் குறைகிறது என்று எழுதியிருந்தேன். பலரும் டேப்பெட் (வால்வைத் திறக்கத் தள்ளும் பாகம்) என்றீர்கள். மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். டேப்பெட் இடைவெளியை அளந்து சரிசெய்தும் சத்தம் அப்படியே இருந்தது.

அப்புறம் எஞ்சின் ஓடும்போதே ஸ்பார்க் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார் (காப்பிட்ட இடுக்கியால்தான், வெறுங்கையால் வேண்டாம்). இரண்டாவது சிலிண்டரின் வயரைக் கழற்றியதும் சத்தம் நின்றது. டேப்பெட்டாக இருந்தால் அந்த சிலிண்டரில் பெட்ரோல் எரியாவிட்டாலும் தட்டிக்கொண்டேதான் இருக்கும். எரிந்தால் மட்டும் வருகிறது என்றால் வாயு கசிவாக இருக்கலாம். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) ஓரமாக நகர்த்தினோம். ஓர் இடத்தில் 'புஸ் புஸ்' என்று தெளிவாகக் கேட்டது. அங்கே கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் வைக்கும் தகடு) ஓரத்தில் கரிப்படலமும் இருந்தது. மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஸ்டட் (திருகாணி) உடைந்திருக்கிறது. சூட்டில் உலோகம் விரிந்து கசிந்த இடம் அடைபட்டதால்தான் பிறகு சத்தம் குறைந்திருக்கிறது.

கனெக்டிங் ராட் பேரிங்கோ (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பியின் தாங்கி) என்று பயமுறுத்தியவர்களுக்கு: அது இன்னும் கனமாகத் தட்டும், லோடு ஏறினால் கூடும்.

உடைந்த ஸ்டட்டை எடுத்து, புது கேஸ்கெட் போட்டாகிவிட்டது. இப்போது ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு மின்சாரம் தரும் பாகம்) பக்கம் மெல்லிய ஊளை கேட்கிறது. பேரிங் என்று நினைக்கிறேன், பெல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.