காற்றாலை வடிவமைப்பில் அழகைக் கணக்கில் எடுக்கலாமா? மிடல்குருண்டனை முன்வைத்து

வரைபலகை:
டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் நிற்கும் மிடல்குருண்டன் காற்றாலைத் தொகுதியைப் பற்றிப் பேசலாம். 20 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 2 மெகாவாட், 2000-ல் நிறுவியவை. முதலில் போட்ட திட்டம் வேறு: 27 காற்றாலைகள், மூன்று வரிசை. 1997-ல் மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகு அது மாறியது. இப்போது ஒரே வரிசை, லேசாக வளைந்து 3.4 கிலோமீட்டர் நீள்கிறது. நகரைச் சுற்றியிருந்த பழைய கோட்டை அரண்களின் வளைவை ஒட்டி அமைத்தார்கள். கடலடி மண், புயலின் விசை இவற்றோடு சேர்த்து அழகையும் முதல் நாளே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கியர்பாக்ஸ்:
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வளைவு அழகுதான், ஆனால் அதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். அங்கே இரண்டு காற்றாலைகளுக்கு நடுவில் சுமார் 180 மீட்டர். பிளேடுகள் சுற்றும் வட்டத்தின், அதாவது ரோட்டாரின், விட்டமே 76 மீட்டர். அதாவது இடைவெளி விட்டத்தைப் போல 2.4 மடங்குதான். அதே டென்மார்க்கில் 2002-ல் வந்த ஹார்ன்ஸ் ரெவ் தொகுதியில் 7 மடங்கு விட்டிருக்கிறார்கள். காற்று வரிசையின் வாக்கில் அடித்தால், முன்னால் நிற்பது எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் பின்னால் நிற்பதற்கு. காற்றில் இருக்கும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் மாறும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். கலங்கிய காற்று பிளேடுகளை உலுக்கி ஆயுளைக் குறைப்பது தனிக் கணக்கு.

வரைபலகை:
"வரிசையின் வாக்கில் அடித்தால்" என்கிறீர்கள். எத்தனை நேரம் அப்படி அடிக்கிறது? வரிசை வடக்கு தெற்காக நிற்கிறது, அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும். அப்போது இருபதுக்கும் புதுக்காற்றுதான். மூன்று வரிசையாக நட்டிருந்தால், அதே மேல்காற்றில் பின்வரிசைகள் இரண்டும் முன்வரிசையின் கலங்கலில் நின்றிருக்கும். இன்னொன்று, இந்தத் தொகுதியில் பாதி ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம், 8,000 பேருக்கு மேல் பங்கு வாங்கியிருக்கிறார்கள். தினமும் கண்ணில் படும் ஒன்று அசிங்கமாக இருந்தால் அத்தனை பேர் பணம் போட்டிருப்பார்களா?

கியர்பாக்ஸ்:
காற்றின் திசை ஒத்துழைத்தது, சரி. கரையின் வாக்கிலேயே காற்று வீசும் இடத்திலும் கண்ணுக்காக ஒற்றை வரிசை கேட்பீர்களா? அங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், மூன்று பிளேடு வைப்பதே அழகுக்காகத்தான் என்று பலரும் எழுதுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிளேடு ரோட்டார் நேராக நிற்கும்போது, கோபுர உச்சியில் இயந்திரம் இருக்கும் தலையைக் காற்றின் பக்கம் திருப்புவது எளிது, படுக்கையாக வரும்போது கடினம். ஒவ்வொரு சுற்றிலும் இது மாறி மாறி வருவதால் தண்டும் கோபுரமும் அதிர்கின்றன. அதைத் தணிக்க, பிளேடுகள் சேரும் நடுப்பகுதியாக ஊசலாடும் ஹப் ஒன்று வைக்க வேண்டும். மூன்று பிளேடில் அந்த ஏற்றத்தாழ்வே கிடையாது. டென்மார்க்கில் ஜோஹன்னஸ் ஜூல் 1957-ல் கெட்சரில் நிறுவிய 200 கிலோவாட் இயந்திரத்துக்கும் மூன்று பிளேடுதான். கண்ணுக்கு அமைதியாகத் தெரிவது அதன் விளைவு.

ஆரல்காற்று:
எங்கள் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் வந்து பாருங்கள். கம்பிச் சட்டக் கோபுரமும் குழாய்க் கோபுரமும் கலந்து, ஒன்று குட்டை ஒன்று நெட்டையாக, காத்தாடிகள் ஆளுக்கொரு வேகத்தில் சுற்றும். சட்டக் கோபுரத்துக்கு இரும்பு குறைவு, அதனால் அன்று வாங்கினார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணவாயின் நல்ல காற்று வாகான இடங்களில் இன்னும் பழைய சிறிய இயந்திரங்கள் நிற்கின்றன. கண்ணை உறுத்துவதற்கும் மின்சாரம் வீணாவதற்கும் இங்கே ஒரே காரணம்: மொத்த இடத்துக்கும் சேர்த்து யாரும் திட்டம் போடவில்லை. அதனால் இந்த விவாதத்தில் இருவரும் எதிரெதிர் அணி என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

வரைபலகை:
நன்றி ஆரல்காற்று. இதோடு ஜெர்மனியின் எனர்கான் நிறுவனத்தின் ஈ-66 காற்றாலையையும் சேருங்கள். அதில் சுழல் வேகத்தைக் கூட்டும் கியர்பாக்ஸ் கிடையாது, அதற்குப் பதில் அகன்ற வளைய ஜெனரேட்டர். அந்த அகலத்தை மறைக்காமல் முட்டை வடிவத் தலையாக்கியவர் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர். இயந்திரம் சொன்னதைக் கேட்டுத்தான் வடிவம் வந்தது.

பொன்னி:
எல்லோரும் மனிதக் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். காற்றாலைக்கு வெளிர்சாம்பல் பூசுவது வானத்தோடு கலந்து மறைய வேண்டும் என்பதற்காக. நமக்குக் கண்ணில் படாதது பறவைக்கும் படாமல் போகலாம். நார்வேயின் ஸ்மோலா தீவில் நான்கு காற்றாலைகளில் ஒரு பிளேடுக்கு மட்டும் கறுப்பு பூசிப் பார்த்தார்கள். பக்கத்தில் பூசாமல் நின்றவற்றோடு ஒப்பிட்டால் பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று 2020-ல் ஆய்வு வெளியானது. வெண்வால் கடற்கழுகுகள் வாழும் தீவு அது. ஒரு கறுப்பு பிளேடு உங்கள் காட்சியைக் கெடுக்கும் வரைபலகை. சம்மதிப்பீர்களா?

வரைபலகை:
சம்மதம். கழுகு செத்து விழும் இடத்தில் வெளிர்சாம்பலுக்காக வாதாட மாட்டேன். ஆனால் கறுப்பு வெயிலை அதிகம் உறிஞ்சும். மூன்றில் ஒன்று மட்டும் கூடுதலாகச் சூடாவது நம்மூர் மாதிரி வெயிலில் பிளேடின் கண்ணாடியிழைக்கு என்ன செய்யும்? கியர்பாக்ஸ், இது உங்கள் துறை, நீங்கள் சொல்லுங்கள்.